கடிதவுறையும் நோயாளர் மறையும்

நோயுற்ற ஒருவர் வைத்தியரை நாடிச் செல்லும்போது தமது உடம்பை மாத்திரம் அவரிடம் ஒப்படைப்பதில்லை. தமது மானத்தையும் உடன் ஒப்படைக்கின்றார். பெற்ற தாய்க்கும் உற்ற துணைக்கும் சொல்லாதவற்றையும் வைத்தியருக்குச் சொல்லவேண்டிய நிலை அவருக்கு ஏற்படுகின்றது. சொல்லாவிடில் நோய் தீராது. சொன்னது வெளியே பரவினாலோ, நோய் தீர்ந்த பின்னரும் அதனால் விளைந்த பழி தீராது. ஆகவே, நோயாளர் கூறிய மறையை வெளியிடாது காத்தல் வைத்தியத் தொழிலின் அறமாக மிகப் பழைய காலந்தொட்டே கொள்ளப்பட்டு வந்திருக்கின்றது.

ஆயின், இக்காலத்து வைத்தியம் ஒரு வைத்தியரும் ஒரு நோயாளரும் தனித்திருந்து உரையாடுவதோடு முடிந்துவிடுவதன்று. வைத்தியசாலை பெரியதொரு தாபனம். அங்கே இலிகிதர் உளர், கணக்கர் உளர், அச்சிடும் பொறிகள் உள. மறுமுறை வரவேண்டிய நாளை அறிவித்தற்கும், சோதனையின் முடிவைத் தெரிவித்தற்கும், கட்டணத்தைக் கேட்டற்கும் அத்தாபனம் நோயாளருக்குக் கடிதம் எழுதுகின்றது. வைத்தியர் தம் வாயால் வெளியிடாத ஒன்றை அக்கடிதம் வழியிலேயே வெளியிட்டுவிடுமாயின், அவர் காத்த மறையினால் ஆய பயன் யாது? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் வாய்மொழி பற்றிய அறத்தை நோக்குவோம். கிரேக்க அறிஞர் ஹிப்போகிரற்றீஸ் பெயரால் வழங்கிவரும் உறுதிமொழியிலே, வைத்தியன் தன் தொழிலிடையே கண்டனவும் கேட்டனவுமாகிய, வெளியிடத் தகாத செய்திகளை வெளியிடலாகாது என்ற விதி உண்டு. பாரத நாட்டுச் சரக சங்கிதையிலும் இதனையொத்த விதி காணப்படுகின்றது. மாணாக்கன் ஆசிரியர் முன்னிலையில் மேற்கொள்ளும் விரதங்களுள், நோயாளரின் இல்லத்துட் புகுந்தவன் அவ்வில்லத்தின் செய்திகளைப் புறத்தே கூறலாகாது என்பதும் ஒன்றாகும். கடலால் பிரிக்கப்பட்ட இரு நாடுகளில் ஒரே எண்ணம் தோன்றியமை, இவ்வறம் ஒரு சமயத்துக்கோ ஓரினத்துக்கோ உரியதன்று என்பதை உணர்த்தும்.

சட்டம் இவ்வறத்தை ஏற்றுக்கொண்ட வரலாறு மேடும் பள்ளமும் உடையது. 1776ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கிங்ஸ்ரன் கோமகள்மீது நடந்த வழக்கில், நீதிமன்றம் வினவுமாயின் வைத்தியர் தாம் அறிந்ததைக் கூறியே ஆகவேண்டும் என்று மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். பிரான்சு தேசமோ 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலே, நோயாளரின் மறையை வெளியிடும் வைத்தியரைக் குற்றவாளியாக்கியது. 1828ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம், நீதிமன்றத்திலும் வைத்தியர் நோயாளரின் மறையைக் காக்கலாம் எனச் சட்டம் இயற்றியது. 1896ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த கிற்சன் வழக்கு மிக்க பரபரப்பை விளைத்தது. பெயர்பெற்ற மகப்பேற்று வைத்தியராகிய பிளேபெயர் என்பவர், தம்மிடம் வைத்தியம் பெற்ற உறவினப் பெண்ணொருவரின் மறையைக் குடும்பத்தாருக்கு வெளியிட்டார். நடுவர் குழுவினர் அப்பெண்ணுக்கு 12,000 பவுண் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்புக் கூறினர். 1948ஆம் ஆண்டில் உலக வைத்தியர் சங்கம் ஜெனீவாப் பிரகடனத்தை வெளியிட்டபோது, மறை காத்தல் அதிலும் இடம்பெற்றது.

இவையனைத்தும் வைத்தியருடைய நாவுக்கு இடப்பட்ட காவல்களேயாம். கடிதத்துக்கு யார் காவல் என்பதை அறிய, நாம் தபாலின் வரலாற்றினுட் செல்லவேண்டும்.

பழைய நாளிலே இங்கிலாந்தில் கடிதவுறை அருகியே வழங்கியது. தாளின் எண்ணிக்கைக்கேற்பத் தபாற்கூலி அறவிடப்பட்டமையால், உறையும் ஒரு தாளாக எண்ணப்பட்டுக் கூலியை மிகுவித்தது. அதனால், எழுதிய தாளையே மடித்து, அரக்கு முத்திரையிட்டு, அதன் புறத்தே விலாசத்தை எழுதி அனுப்பினர். ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னித் தபால்முறை ஏற்பட்டது. கூலி நிறையைப் பொறுத்ததாகவே, உறைக்கு இருந்த தடை நீங்கிற்று. 1845ஆம் ஆண்டில் உறையை மடிக்கும் பொறிக்கு எட்வின் ஹில், வாரன் டி லா ரூ என்னும் இருவர் உரிமை பெற்றனர். அன்று தொட்டு ஏழையும் தன் கடிதத்தை மூடி அனுப்பும் வசதி பெற்றான். இலங்கையிலே முதன்முதல் தபால் முத்திரை வெளியிடப்பட்டது 1857ஆம் ஆண்டிலாகும்.

உறை பரவிய முப்பது ஆண்டுகளுள், உறையே இல்லாத கடிதம் ஒன்று தோன்றியது. அதுவே தபாலட்டை. 1869ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி ஒஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் அது பிறந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் பிரித்தானியாவுக்கு வந்தது. இலங்கையில் 1872ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 1879ஆம் ஆண்டிலும் வழங்கத் தொடங்கியது. செலவு குறைவு, எழுதுதல் எளிது, மடித்தல், ஒட்டுதல் என்னும் வேலை இல்லை. ஆனால், அட்டையைக் கையில் எடுப்பவர் யாவரும் அதனைப் படிக்கலாம். எழுத்தறியாதார் மிக்கிருந்த ஊர்களிலே தபாற்காரரே அதனைப் படித்துக் காட்டுவதும் உண்டு. நலம் விசாரிக்கும் அட்டைக்கு இதனால் தீங்கில்லை. நோய் பற்றிய அட்டைக்கோ இதனினும் பெருந்தீங்கு பிறிதில்லை.

தபாலின் வெளிப்புறமும் பேசும் என்பதைச் சட்டம் விரைவில் உணர்ந்துகொண்டது. கடன்பட்டவரை அச்சுறுத்தித் தபாலட்டையில் எழுதுவோர் அக்காலத்தில் இருந்தனர். கடனைத் தீர்க்கச் செய்வதினும், ஊரார் முன்னிலையில் நாணச் செய்வதே அவர்தம் கருத்து. 1888ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேரவை, பிறரை இழிவுபடுத்தும் அல்லது அச்சுறுத்தும் சொற்களை அட்டையிலோ உறையின் வெளிப்புறத்திலோ எழுதி அனுப்புவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 1915ஆம் ஆண்டில் நடந்த ஹூத் வழக்கு இன்னும் நுட்பமானது. ஒட்டப்படாத உறையொன்றினுள் வந்த கடிதத்தை வீட்டுப் பணியாளன் ஆவலினால் எடுத்துப் படித்துவிட்டான். அவ்வாறு படித்தல் அவன் கடமையன்று. ஆதலின் அனுப்பியவர் அதனைப் பிறர்க்கு வெளியிட்டவராகார் என நீதிமன்றம் கூறிற்று. தபாலட்டையோ வேறு, அது வழியிலே பிறரால் படிக்கப்படும் என்று கொள்ளுதல் சட்டத்தின் வழக்கு. ஒட்டாத உறைக்கும் உறையற்ற அட்டைக்கும் இடையே சட்டம் இட்ட இக்கோடு நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மறை காத்தல் தனியொருவரின் மானத்துக்கு மாத்திரம் உரியதா, அன்றி ஊரின் நலத்துக்கும் வேண்டியதா என்ற வினா எழுகின்றது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியா இதற்கு விடை கண்டது. பாலியல் நோய்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1916ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டே உள்ளூர் ஆட்சி மன்றங்கள் அந்நோய்களுக்கு இலவச வைத்தியம் வழங்குதற்கும், நோயாளரைப் பற்றிய செய்திகளை மறைவாகக் காத்தற்கும் விதிகள் பிறந்தன. இதன் காரணம் இரக்கம் மாத்திரமன்று. தம் பெயர் வெளிப்படும் என அஞ்சுவோர் வைத்தியசாலையின் வாயிலை மிதியார். மிதியாதார் நோயை மறைப்பர். மறைந்த நோய் பிறரையும் பற்றும். ஆகவே, ஒருவரின் மறையைக் காத்தல் பலரின் உயிரைக் காத்தலாயிற்று.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, கடிதவுறையின் அடுத்த மாற்றத்தைக் காண்போம். சிக்காகோ நகரைச் சேர்ந்த கலகன் என்பவர், உறையின் முகத்திலே ஒளி ஊடுருவும் சாளரம் ஒன்றை அமைத்து, 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்கு உரிமை பெற்றார். உள்ளே இருக்கும் தாளில் எழுதிய விலாசமே சாளரத்தினூடு தெரியுமாதலால், உறைமீது மறுமுறை விலாசம் எழுதவேண்டியதில்லை. ஒருவருக்குரிய கடிதம் மற்றொருவரின் உறையுட் புகும் தவறும் இதனால் தவிர்ந்தது. வங்கிகளும் வணிக நிலையங்களும் பின்னர் வைத்தியசாலைகளும் இதனை விரும்பி ஏற்றமை வியப்பன்று. ஆனால், சாளரத்துக்குத் தன்னூடு எது தெரியவேண்டும், எது தெரியலாகாது என்ற அறிவு இல்லை. தாள் மடிக்கப்பட்ட முறை சிறிது பிழைப்பினும், உறையுள்ளே தாள் சற்று நகர்ந்தாலும், விலாசத்தின் கீழுள்ள வரிகள் மேலெழுந்து தோன்றும்.

இக்குறை எத்துணைப் பெருங் கேட்டை விளைக்கும் என்பது 2017ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. எட்னா என்னும் அமெரிக்கச் சுகாதாரக் காப்புறுதிக் கம்பனியின் சார்பில், அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில், ஏறத்தாழ 12,000 பேருக்குச் சாளரவுறையிட்ட கடிதங்கள் அனுப்பப்பட்டன. எச்.ஐ.வி. கிருமிக்குரிய மருந்துகளைப் பெறும் வழிகளை அக்கடிதம் விளக்கியது. பலருடைய உறைகளில், பெயருக்கும் விலாசத்துக்கும் கீழே அம்மருந்தைக் குறிக்கும் சொற்களும் சாளரத்தினூடு தெரிந்தன. அகத்தின் அழகு முகத்திலே தெரியும் என்பர். இங்கே அகத்தின் நோய் உறையின் முகத்திலே தெரிந்துவிட்டது. உறையை எவரும் திறக்கவில்லை. திறவாமலே குடும்பத்தாரும், உடன் வசிப்போரும், அயலாரும் அறியத்தகாததை அறிந்தனர். வழக்குத் தொடுத்தவர் தம் உண்மைப் பெயரை வெளியிடாது, புனைபெயரிலேயே நீதிமன்றம் செல்லவேண்டியிருந்தது. இழந்ததை எண்ணி முறையிடுவதற்கும் இழக்காது எஞ்சியிருந்ததை ஒளிக்கவேண்டியவரானார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு முரண்பாடு உண்டு. மருந்தைத் தபால்மூலமே பெறவேண்டும் என்று முன்னர்க் கம்பனி விதித்திருந்தது. அது தம் மறையை வெளிப்படுத்தும் என அஞ்சிய நோயாளர் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு இணக்கமாகத் தீர்ந்தபோது, அதன் பயனை நோயாளருக்கு அறிவித்தற்பொருட்டு எழுந்ததே மேற்கூறிய கடிதம். மறையைக் காக்கப் புறப்பட்ட தூதுவனே மறையைக் கூவி விற்றவனானான். 2018ஆம் ஆண்டு ஜனவரியில், 1 கோடியே 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கம்பனி இணங்கிற்று.

அதே கம்பனியின் பெயரால் 2017 செப்ரெம்பரில் வேறொரு தபாலும் சென்றது. இதயத் துடிப்பு ஒழுங்கின்மை பற்றிய ஆராய்ச்சியிற் பங்குகொண்ட 1,600 பேருக்கு அனுப்பிய உறைகளின்மீது, அவ்வாராய்ச்சியின் பெயரும் இலச்சினையும் அச்சிடப்பட்டிருந்தன. முதலாவது தவறு சாளரத்தின் உள்ளிருந்து வந்தது. இரண்டாவது உறையின் வெளிப்புறத்திலேயே அழகுற அச்சாகி வந்தது. இரண்டிலும் தீய எண்ணம் எவரிடத்தும் காணப்படவில்லை. செய்ததனை நோயாளரின் கண்கொண்டு நோக்குவார் இல்லாமையே காணப்பட்டது.

நோயின் பெயர் தெரியாவிடில் குற்றமில்லை என்று கருதுவாரும் உளர். அவர்க்கு விடையாக அமைந்தது அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துச் சென்ராரா வைத்தியசாலைகளின் செய்தியாகும். அங்கே 577 நோயாளரைப் பற்றிய விபரங்கள் வேறு விலாசங்களுக்குச் சென்றன. அவற்றிலே பெயர், கணக்கிலக்கம், வைத்தியம் பெற்ற நாள் என்பன இருந்தன. நோயின் பெயரோ வைத்தியத்தின் விபரமோ வெளிப்பட்டாலன்றி மறை மீறப்பட்டதாகாது என்று வாதித்து, நிருவாகத்தினர் எட்டுப் பேரின் செய்தியை மாத்திரம் அரசாங்கத்துக்கு அறிவித்தனர். அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களம் அதனை ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டில் 21 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் செலுத்தி அவர்கள் அவ்விவகாரத்தை முடித்துக்கொண்டனர். இன்னார் இன்ன நாளில் வைத்தியசாலைக்குச் சென்றார் என்பதே ஒரு மறைதான் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

கடதாசியை விடுத்து மின்னஞ்சலுக்கு வருவோமாயின், தபாலட்டையின் பழைய கதை புதிய உருவில் வருதலைக் காண்கின்றோம். மின்னஞ்சலில் பலருக்கு ஒரே செய்தியை அனுப்பும்போது, பெறுநர் ஒருவரையொருவர் காணாதவாறு மறைத்தனுப்பும் வழியும் உண்டு. யாவரும் யாவரையும் காணுமாறு அனுப்பும் வழியும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கட்டத்தின் அளவேயாம். 2001ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஈலை லில்லி என்னும் மருந்துக் கம்பனி, மருந்துண்ண நினைவூட்டும் தன் சேவை நிறுத்தப்படுவதை அறிவித்தபோது, 669 பேரின் விலாசங்கள் யாவர்க்கும் தெரிந்தன. 2015ஆம் ஆண்டு செப்ரெம்பரில், இலண்டன் நகரின் டீன் வீதியிலுள்ள பாலியல் சுகாதார நிலையம் எச்.ஐ.வி. சேவை பற்றிய செய்திமடலொன்றை 781 பேருக்கு அனுப்பியபோதும் இதுவே நிகழ்ந்தது. அவற்றுள் 730 விலாசங்களில் முழுப்பெயரும் இருந்தது. மடலைப் பெற்றவர் யாவரும் அந்நோய் உடையவரல்லர். ஆயினும் பட்டியலைக் கண்டவர் அவ்வேறுபாட்டை எவ்வாறு அறிவர்? அந்நிலையத்தை நடத்திய வைத்தியசாலை நிதியத்துக்கு 2016ஆம் ஆண்டில் 180,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அதே நிருவாகத்தின் கீழ், 2010ஆம் ஆண்டிலே 17 பேரளவில் இதையொத்த தவறு நேர்ந்திருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. சிறிய தவறு பெரிய தவறுக்கு முன் அனுப்பப்பெற்ற எச்சரிக்கையாகும். அதனைப் படிப்பார் இருந்தால் மாத்திரமே பயனுண்டு.

இவையெல்லாம் மேல்நாட்டுச் செய்திகள்; நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். நமது நாட்டின் இயல்பைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அங்கொடை என்றால் மனநோய். மகரகமை என்றால் புற்றுநோய். வெலிசறை என்றால் நெஞ்சுநோய். ஒல்லாந்தர் காலத்தில், 1708ஆம் ஆண்டளவில், தொழுநோயாளர் விடுதி அமைந்த ஹெந்தளை என்றால் தொழுநோய். இவ்வாறு ஊர்ப்பெயரே நோய்ப்பெயராக மக்கள் நாவில் வழங்குகின்றது. ஆகவே, இங்கே சாளரமும் வேண்டியதில்லை. அனுப்பியவரின் விலாசம் உறையின் மூலையில் இருந்தாலே போதும். உள்ளிருக்கும் செய்தி முழுவதும் வெளியே வந்துவிடும்.

இதனொடு மற்றொன்றையும் கருதவேண்டும். நமது ஊர்களில் ஒரு வீட்டுக்கு வரும் கடிதம் அவ்வீட்டார் அனைவர்க்கும் உரியதாகவே கருதப்படுவது வழக்கம். மகளுக்கு வந்ததைத் தந்தை உடைப்பார்; பாட்டனாருக்கு வந்ததைப் பேரன் படிப்பான். வீட்டில் ஆளில்லையெனின் தபாற்காரர் அயல்வீட்டிற் கொடுத்துச் செல்வார். அன்பினால் எழுந்த இவ்வழக்கத்தை நாம் குறைகூறுதல் தகாது. ஆயின், ஒரு வீட்டில் ஒருவர்க்கு நோய் என்ற சொல் பரவினால், அவர்தம் உடன்பிறந்தாளின் திருமணப் பேச்சும் தடைப்படும் சமுதாயத்தில் நாம் வாழ்கின்றோம் என்பதை மறத்தலும் தகாது. இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 9ஆம் இலக்கச் சட்டம், ஒருவரது உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பான காவலுக்குரிய வகையில் வைத்தெண்ணியுள்ளது. சட்டத்தின் சொல்லை வைத்தியசாலைக் கந்தோரின் வழக்கமாக்குதல் அங்குப் பணிபுரிவோரின் கையிலுள்ளது.

அவ்வழக்கம் கடினமானதன்று; பெருஞ்செலவும் வேண்டியதன்று. நோயைக் குறிக்கும் கடிதம் மூடிய உறையிலேயே செல்லவேண்டும். உறையின் வெளியே பிரிவின் பெயரோ நோயின் பெயரோ இருத்தலாகாது. சேராத கடிதம் திரும்பிவருதற்குத் தபாற்பெட்டி இலக்கம் ஒன்றே போதும். சாளரவுறையாயின், பெயரும் விலாசமும் அன்றிப் பிறிதொன்றும் தெரியாதவாறு தாளை அமைத்தல் வேண்டும். மடித்து இட்டபின் உறையை மேலும் கீழும் பக்கமும் தட்டிப் பார்த்தால், தாள் நகரும்போது எது தெரியும் என்பது அப்பொழுதே புலனாகும். ஆயிரம் கடிதங்களை ஒருங்கே அனுப்புமுன், முதற் சிலவற்றை எடுத்துப் பெயரும் விலாசமும் உள்ளிருக்கும் செய்தியும் ஒருவர்க்கே உரியனவா என ஒப்புநோக்குதல் வேண்டும். மின்னஞ்சலாயின், ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே செல்லுமாறு செய்தல் நன்று.

யாவற்றினும் சிறந்தது, நோயாளரையே கேட்டறிதல். 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளின்படி, தமக்குரிய செய்தி வேறு விலாசத்துக்கு அல்லது வேறு வழியால் வரவேண்டும் என நோயாளர் கேட்கலாம். நியாயமான வேண்டுகோளை வைத்தியசாலை ஏற்கவேண்டும். தபாலட்டையை விடுத்து மூடிய உறையில் அனுப்புக என்று கேட்பது நியாயமான வேண்டுகோளே என்றும் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் விளக்கியுள்ளது. உங்களுக்குக் கடிதம் எங்கே அனுப்பலாம், வீட்டிலே அதனை யார் பெறுவர் என்ற இரு வினாக்களைப் பதிவு செய்யும்போதே கேட்பதற்கு எத்துணை நேரம் செல்லும்? அக்கணப்பொழுதை மிச்சம் பிடித்தவர்களே பின்னர்க் கோடிக் கணக்கில் தண்டமிறுத்தனர்.

தபாலட்டையும், சாளரவுறையும், பட்டியலிட்டு அனுப்பும் மின்னஞ்சலும் மனிதனின் உழைப்பைக் குறைத்தற்பொருட்டே பிறந்தன. அவற்றுள் எதுவும் தீயதன்று. ஆயின், அனுப்புவோர்க்குக் குறைந்த உழைப்பின் விலையைச் சிற்சில வேளை பெறுவோர் தம் மானத்தால் செலுத்தினர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். தண்டப்பணம் கம்பனியின் கணக்கேட்டைச் சீராக்கலாம். ஒருமுறை அயலார் அறிந்ததை அறியாததாக்க அப்பணத்தால் இயலாது. வைத்தியர் நோயாளரின் அறைக் கதவை மூடிய பின்னரே அவர்தம் நோயைக் கேட்கின்றார். கடிதவுறையும் அத்தகைய ஒரு கதவே. அதனை மடித்து ஒட்டும் இலிகிதரும் அந்த வைத்தியத்தில் பங்குடையவராவர். வைத்தியர் ஏற்ற விரதம் அவர்க்கும் உரியதாகுக.